ஆவணக் கோவையைத் திருப்பி அனுப்பும்போது காரணம் முழுவதையும் எழுதித் தாருங்கள்

வெளிநாட்டில் படிப்பிக்கப் போகும் ஆசிரியர்களின் ஆவணங்களைச் சரிபார்த்து முத்திரையிடும் அலுவலகங்களின் பொறுப்பதிகாரிகளுக்கு,

கிளிநொச்சியிலிருந்து எழுதுகிறேன். என்னிடம் ஆங்கிலம் படித்து, பிறகு தானும் ஆங்கில ஆசிரியையாகிவிட்ட ஒரு பிள்ளையின் கோவை உங்கள் கருமபீடங்களில் ஒன்றிலிருந்து மறுபடியும் திரும்பி வந்திருக்கிறது. முகப்பில் ஒரு சிறிய துண்டு குத்தியிருந்தது. சிங்களத்தில் ஒரே ஒரு வரி: பெயர் வேறுபாடு, திருத்திக்கொண்டு வரவும். எந்தப் பத்திரத்தில் உள்ள பெயர், எதற்கு ஏற்ப எதைத் திருத்துவது, யாரிடம் போய்த் திருத்துவது என்று ஒன்றும் இல்லை. கையொப்பம் இருந்தது, போட்டவர் யார் என்று இல்லை. அந்த வாரமே மாலைதீவில் அவளுக்கு வேலை தருவதாக இருந்த பாடசாலை, இனிமேலும் காத்திருக்க முடியாது என்று மின்னஞ்சல் அனுப்பிவிட்டது.

எந்த அலுவலகம் என்று இங்கே நான் எழுதவில்லை. ஒரு கருமபீடத்தில் இருந்த ஒரு எழுதுவினைஞரை மாட்டிவிடுவதால் எங்களுக்கு ஆகப்போவது எதுவுமில்லை. அவர் செய்ததுதான் எல்லா இடத்திலும் வழக்கம். அந்த வழக்கத்தைப் பற்றித்தான் உங்களோடு பேச வேண்டும்.

நானும் மாலைதீவில் சில வருடங்கள் படிப்பித்தவன். ஒரு கரையில் நின்றால் மறு கரையின் கடல் தெரிகிற அளவுத் தீவு. அங்கே பாடசாலைகளில் பெரும்பாலான பாடங்கள் ஆங்கிலத்தில்தான் நடக்கும். அதனால் இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் ஆசிரியர்கள் போய்வருவது அங்கே பழைய கதை. திரும்பி வந்த பிறகு, போக விரும்புகிறவர்கள் கோவையைத் தூக்கிக்கொண்டு என் வீட்டு விறாந்தைக்கு வருகிறார்கள். நான் முகவர் இல்லை, காசும் வாங்குவதில்லை. படிவம் நிரப்பிக் கொடுப்பேன். எந்தப் பத்திரத்துக்கு முன்னால் எந்தப் பத்திரம் என்று ஒழுங்கு சொல்லிக் கொடுப்பேன். ஆகவே கீழே எழுதுவது ஒரு பிள்ளையின் கோவையை மட்டும் பார்த்து எழுதியது இல்லை.

இந்தக் கோவை இவ்வளவு தடிப்பாவதற்கு நீங்கள் மட்டும் காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆங்கிலம் படிப்பிக்கப் போகிறவருக்கு உலகம் முழுக்க வாசலில் காவல்தான். தென்கொரியா ஆங்கில உரையாடல் ஆசிரியர்களுக்குக் கொடுக்கும் விசா அடிப்படையில் ஏழு நாட்டுக்காரருக்கானது: அமெரிக்கா, பிரித்தானியா, கனடா, அயர்லாந்து, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாபிரிக்கா. நம்மவர் அந்த வரிசையில் நிற்கவே முடியாது. தாய்லாந்துக்குப் போனால், ஆங்கிலம் தாய்மொழி இல்லாதவர் என்பதால் மொழித் தேர்வுப் பெறுபேறும் காட்ட வேண்டும். ஐ.ஈ.எல்.டி.எஸ். எழுதியிருந்தால் அந்தப் பெறுபேறு இரண்டு வருடம்தான் செல்லும். ஐக்கிய அரபு இராச்சியத்துக்கென்றால் பட்டச் சான்றிதழில் நம் வெளிநாட்டமைச்சின் முத்திரை, பிறகு கொழும்பில் உள்ள அவர்களின் தூதரக முத்திரை, அங்கே போய் இறங்கியதும் அவர்களின் வெளிநாட்டமைச்சின் முத்திரை. மாலைதீவில் தகைமைகள் அதிகாரசபை என்று ஒன்று இருக்கிறது. வெளிநாட்டுச் சான்றிதழ்களை அதுதான் மதிப்பிடும்.

சரி, அவர்கள் கேட்பதைக் கேட்கட்டும். வேலை கொடுக்கிறவர்கள், தங்கள் பிள்ளைகளின் முன்னால் யாரைக் கொண்டுவந்து நிறுத்துகிறோம் என்று பார்க்கத்தான் வேண்டும். என் முறைப்பாடு அவர்களிடம் போவதற்கு முன்னால் இங்கே நடப்பதைப் பற்றியது. உங்களில் ஒவ்வொருவரும் எங்களிடம் கேட்பது, அநேகமாக உங்களில் இன்னொருவரிடம் ஏற்கெனவே இருக்கிற தகவலைத்தான். பிறப்புப் பதிவு அரசிடம் இருக்கிறது. பரீட்சைப் பெறுபேறு அரசிடம் இருக்கிறது. அடையாள அட்டை இலக்கம், கடவுச்சீட்டு, அரச பல்கலைக்கழகப் பட்டம் எல்லாம் அரசு தந்தவை. அவற்றை ஒன்றோடு ஒன்று ஒப்பிட்டுப் பார்க்கும் வேலையை மட்டும், வன்னியிலிருந்து இரவு பஸ் ஏறி வருகிற ஒரு ஆசிரியையின் தலையில் வைத்திருக்கிறீர்கள்.

அந்தப் பிள்ளையின் பெயரை எடுத்துக்கொள்வோம். நம் சனத்துக்குப் பரம்பரைக் குடும்பப் பெயர் கிடையாது, தகப்பன் பெயர்தான் முன்னுக்கு வரும். இது உங்களில் யாருக்கும் தெரியாத விஷயம் இல்லை. அவளின் பிறப்புப் பத்திரத்தில் பெயருக்கான கூட்டில் அவளின் பெயர் மட்டும் இருக்கிறது. தகப்பன் பெயர் தகப்பனுக்குரிய கூட்டில் இருக்கிறது. சாதாரண தரச் சான்றிதழில் தகப்பன் பெயரின் முதலெழுத்தும் அவளின் பெயரும். பட்டச் சான்றிதழில் தகப்பன் பெயர் முழுதாக. கடவுச்சீட்டில் தகப்பன் பெயர் குடும்பப் பெயர் என்ற இடத்துக்குப் போய்விட்டது. மாலைதீவுப் பாடசாலை கடவுச்சீட்டைப் பார்த்து நியமனக் கடிதம் அடித்ததால், அதில் அவளைத் தகப்பன் பெயரால் ‘மிஸ்’ போட்டுக் கூப்பிட்டிருக்கிறார்கள். இதற்கு மேல், ஆங்கிலத்தில் தகப்பன் பெயரின் நடுவில் ஓரிடத்தில் ஒரு ‘எச்’ இருக்கிறது, இன்னோரிடத்தில் இல்லை. பதினாறு வயதில் பாடசாலையில் பரீட்சை விண்ணப்பம் நிரப்பியபோது அந்த ‘எச்’சைப் போட்டது யார் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

இரண்டும் ஒரே ஆள்தான் என்று சமாதான நீதவான் முன்னால் சத்தியக்கடதாசி முடித்துக் கொடுத்தாள். அது சரிவராது, பிறப்புப் பதிவைத் திருத்து என்றார்கள். பிறப்புப் பதிவில் பிழையே இல்லை. சரியாக இருக்கிற பதிவில் எதைத் திருத்துவது என்று பிரதேச செயலகத்தில் கேட்கிறார்கள். அவர்கள் கேட்பது நியாயம். நீங்கள் கேட்டதும் நியாயம் என்கிறீர்கள். நடுவில் நிற்பவள் இரண்டு நியாயத்துக்கும் பஸ் காசு கட்டுகிறாள்.

அடையாள அட்டை இலக்கத்தில் நடந்தது இதைவிட வேடிக்கை. பழைய இலக்கம் ஒன்பது எண்ணும் கடைசியில் ஒரு ஆங்கில எழுத்தும். 2016 இலிருந்து கொடுப்பது பன்னிரண்டு எண். பழையதைப் புதிதாக்குவது சின்னப் பிள்ளைகளின் கணக்கு: முன்னால் 19 சேர், முதல் ஐந்து எண்ணுக்குப் பிறகு ஒரு பூச்சியம் போடு, கடைசி எழுத்தை எடுத்துவிடு. அவளின் பரீட்சைச் சான்றிதழில் பழைய இலக்கம், கடவுச்சீட்டில் புதியது. கருமபீடத்தில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, இது வேறு ஆளா என்று கேட்டிருக்கிறார்கள். வெளிநாட்டுத் தூதரகத்தில் கேட்டால் பொறுத்துக்கொள்ளலாம், அவர்களுக்கு நம்முடைய முறை தெரியாது. இலக்கத்தை மாற்றியதே இந்த அரசு அல்லவா?

இன்னொரு பையன். வவுனியாவில் படித்துப் பட்டம் எடுத்தவன், ஆங்கிலம் படிப்பிக்கும் பயிற்சியும் முடித்தவன். அவன் பட்டம் பெற்ற காலத்தில் அது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வவுனியா வளாகம். 2021 ஓகஸ்ட் 1 இலிருந்து அது வவுனியாப் பல்கலைக்கழகம். தனக்குச் சான்றிதழை உறுதிப்படுத்த வேண்டியது யாழ்ப்பாணமா வவுனியாவா என்று அவன் ஒவ்வொரு வாசலிலும் கேட்டான், ஒவ்வொரு வாசலும் மற்ற வாசலைக் காட்டியது. வளாகத்தைப் பல்கலைக்கழகமாக்கி வர்த்தமானியில் போட்ட அரசு, பழைய பட்டதாரிகள் கொண்டுபோய்க் காட்ட ஒரு பக்கக் கடிதத்தை எல்லாக் கருமபீடங்களுக்கும் அனுப்பியிருந்தால் போதும்.

இவை எல்லாவற்றையும் ஒரே நாளில் சொல்லியிருந்தால்கூட நான் இந்த மடலை எழுதியிருக்க மாட்டேன். ஒரு நாள் போனால் பெயர் பிழை. அதைச் சரிக்கட்டிக்கொண்டு போனால், சரி, அப்படியென்றால் இந்த அடையாள அட்டை இலக்கம்? அதற்கும் கடிதம் எடுத்துக்கொண்டு போனால், மொழிபெயர்ப்பில் மொழிபெயர்ப்பாளரின் பதிவு இலக்கம் தெளிவில்லை. மூன்று குறையும் முதல் நாளே அந்தக் கோவைக்குள் இருந்தன. முதல் நாளே கடைசிப் பக்கம் வரை புரட்டிப் பார்த்திருந்தால் மூன்றையும் ஒன்றாகச் சொல்லியிருக்கலாம். கண்ணில் படுகிற முதல் குறையோடு கோவையை மூடித் திருப்பித் தள்ளுவதுதான் வழக்கமாகிவிட்டது.

இதற்கிடையில் பத்திரங்கள் காலாவதியாகிக்கொண்டிருக்கும். பொலிஸ் நற்சான்றிதழ் ஆறு மாதத்துக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும் என்பார்கள் பல இடங்களில். மருத்துவ அறிக்கைக்குக் காலம் அதைவிடக் குறைவு. நியமனக் கடிதத்தில் வந்து சேர வேண்டிய திகதி இருக்கும். பெயரைச் சரிசெய்து வருவதற்குள் மருத்துவ அறிக்கை முடிந்துவிடும்; அதைப் புதிதாக எடுத்து வருவதற்குள் பொலிஸ் அறிக்கை முடிந்துவிடும். ஓட்டைப் பானையில் தண்ணீர் மொள்ளுகிற வேலைதான். அந்தப் பிள்ளை ஒவ்வொரு தடவையும் கட்டணம் கட்டியது தனியார் கல்வி நிலையத்தில் வகுப்பெடுத்துச் சம்பாதித்த காசில். கொழும்புக்குப் போவதற்காக வகுப்பை விட்ட நாட்களுக்கு அங்கே சம்பளமும் வெட்டு.

தூரத்தையும் கொஞ்சம் யோசியுங்கள். பரீட்சைத் திணைக்களம், கல்வி அமைச்சு, வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் எல்லாம் பத்தரமுல்லைப் பக்கம். கொழும்பில் குடியிருப்பவருக்கு அது அரை நாள் லீவு. கிளிநொச்சியிலிருந்து 300 கிலோமீற்றருக்கு மேல். 2013 செப்ரெம்பரில் ரயில் மறுபடி கிளிநொச்சிக்கு வந்தது எங்களுக்குப் பெரிய ஆறுதல்தான்; முல்லைத்தீவுக்காரருக்கோ ரயிலே இல்லை, மாங்குளத்துக்கு வந்துதான் ஏற வேண்டும். யாழ்ப்பாணத்தில் வெளிநாட்டமைச்சின் கொன்சியூலர் கிளை இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, நல்லது. முல்லைத்தீவிலிருந்து அதுவும் 100 கிலோமீற்றருக்கு மேல். போதாததற்கு, மூலத் திணைக்களம் உறுதிப்படுத்தி அனுப்பாத பத்திரத்துக்குக் கிளையில் இருப்பவரும் கைவிரிக்கத்தான் வேண்டும். கடவுச்சீட்டு எடுக்க வவுனியாவில் அலுவலகம் திறக்க முடிந்த நாட்டில், இதற்கு மட்டும் ஏன் முடியாது?

இனி, வன்னிக்கென்றே உள்ள ஒரு விஷயம். இதைச் சொல்லாமல் விட்டால் இந்த மடலை மாத்தறையிலிருந்தும் ஒருவர் எழுதியிருக்கலாம்.

எனக்குத் தெரிந்த ஒரு ஆசிரியர், நாற்பதுகளின் நடுவில் இருக்கிறார். கல்வியியல் கல்லூரியில் ஆங்கிலம் கற்பிக்கப் பயின்றவர். ஒரு நாட்டின் விசாப் படிவத்தை நிரப்ப என் விறாந்தைக்கு வந்தார். இதுவரை வாழ்ந்த முகவரிகள் எல்லாவற்றையும் மாத வாரியாக எழுதவும், இடைவெளி இருக்கக்கூடாது என்று அதில் இருந்தது. இறுதிப் போரில் இடம்பெயரத் தொடங்கிய 2008 ஆவணி வரை பேனை தடையில்லாமல் ஓடியது. அதற்குப் பிறகு அவர் பேனையை வைத்துவிட்டு விரல் மடித்து எண்ணத் தொடங்கினார். தருமபுரம், விசுவமடு, பிறகு கொஞ்ச நாள் இரணைப்பாலை, மாத்தளன். மாத்தளனில் வீட்டு இலக்கம் என்ற கூட்டில் என்ன எழுதுவது, தறப்பாள் என்றா? என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். கடைசியில் செட்டிகுளம், மெனிக் பாம் முகாம். அதற்கு மட்டும் வலய இலக்கம் நினைவிருந்தது.

உண்மையை உண்மையாகவே எழுதினோம். அந்தப் படிவத்தோடு இணைக்க வேண்டிய சான்றுகளுக்காக இங்கே ஒரு அலுவலகத்துக்குப் போனபோது, 2009 தை முதல் வைகாசி வரை குறிப்பிட்ட இடங்களில் வசித்ததற்குக் கிராம அலுவலரின் சான்று கொண்டு வரவும் என்றார்கள். அந்தக் காலத்து விதானையாரும் பக்கத்துத் தறப்பாளுக்குள்தான் இருந்தார், ஐயா. அவரின் முத்திரையும் பதிவேடும் எந்தப் பதுங்குகுழிக்குள் போனதென்று அவருக்கே தெரியாது. கேட்ட அதிகாரி வயதில் சின்னவர், கெட்டவரும் இல்லை. அவருக்கு அந்த மாதங்கள் கணினித் திரையில் ஒரு வெற்றுக் கூடு, அவ்வளவுதான்.

மூலப்பிரதி எங்கே என்ற கேள்வியும் அப்படித்தான். எங்கள் பகுதியில் அநேகமானவர்களின் கையில் இருப்பது 2010க்குப் பிறகு நடமாடும் சேவைகளில் எடுத்த பிரதிகள். பத்திரங்களைச் சொப்பிங் பையில் சுற்றி, அதைக் கானுக்குள் போட்டு மண்ணுக்குள் புதைத்துவிட்டுப் போனவர்கள் உண்டு. திரும்பி வந்து தோண்டியபோது சிலருக்குக் கிடைத்தது, சிலருக்கு ஈரத்தில் எழுத்துக் கரைந்த தாள் கிடைத்தது, சிலருக்குத் தோண்டுவதற்கு வளவே அடையாளம் தெரியவில்லை. பாடசாலைகளின் சேர்வு இடாப்புகளும் போயின. 2012 செப்ரெம்பரில் மெனிக் பாமை மூடிய பிறகும் பல குடும்பங்களுக்குச் சொந்தக் காணிக்குப் போக வருடங்கள் எடுத்தன. பிரதி பழைய திகதியில் இல்லாததைச் சந்தேகத்துக்குரிய அடையாளமாகப் பார்க்கிற உங்கள் கண்ணுக்கு, வன்னியில் பழைய திகதியோடு கசங்காத மூலப்பிரதி ஒன்று இருப்பதுதான் அதிசயமாகத் தெரிய வேண்டும்.

இதெல்லாம் அரசுக்குத் தெரியாதா? தெரியும். போரில் காணாமற்போனவர்களின் மரணத்தைப் பதிவதற்கென்றே 2010 இல் 19 ஆம் இலக்கச் சட்டத்தைத் தற்காலிக ஏற்பாடாக நாடாளுமன்றம் கொண்டுவந்தது. அந்தச் சட்டத்தைப் பற்றி எங்கள் சனத்துக்குச் சொல்ல வேறு நிறைய இருக்கிறது, அது வேறொரு மடல். வழக்கமான சான்றுகள் இல்லாத இடத்தில் வேறு வழி வகுக்கலாம் என்று இந்த நாட்டுச் சட்டமே ஒத்துக்கொண்டது என்பதை மட்டும் இங்கே சொல்கிறேன். உயிரோடு தப்பி வந்து, படித்து, வேலைக்குப் போக நிற்கிறவருக்கும் அப்படி ஒரு வழி வேண்டும்.

மொழியைப் பற்றி இரண்டு வரி. 1987 இன் 13 ஆம் திருத்தத்திலிருந்து தமிழும் அரசகரும மொழி. அரசகரும மொழிகள் ஆணைக்குழு 1991 ஆம் ஆண்டின் சட்டத்தின் கீழ் அமைந்தது. தமிழில் விண்ணப்பம் கொடுத்த பிள்ளைக்குச் சிங்களத்தில் குத்தி அனுப்பிய துண்டை, கிளிநொச்சிப் பட்டினத்தில் ஒருவரிடம் கொண்டுபோய் வாசிப்பித்துத்தான் தன் கோவையில் என்ன குறை என்று அவள் தெரிந்துகொண்டாள்.

போலிச் சான்றிதழ்கள் புழங்குகின்றன, அதனால்தான் இவ்வளவு இறுக்கம் என்று நீங்கள் சொல்வீர்கள். புழங்குகின்றன, நானும் பார்த்திருக்கிறேன். கலர் பிரின்டரில் அடித்த பட்டத்தை ஒருவர் எனக்கே காட்டியிருக்கிறார். ஆனால் ‘எச்’ எழுத்தைத் தேடிப் பிடிப்பதால் போலி பிடிபடாது. போலி அடிக்கிறவன் எல்லாப் பத்திரத்திலும் பெயரை ஒரே மாதிரித்தான் அடிப்பான்! பெயர் கொஞ்சம் கொஞ்சம் மாறியிருப்பது அநேகமாக வேறு வேறு காலத்தில், வேறு வேறு எழுதுவினைஞர் கையால் வந்த உண்மையான பத்திரங்களில்தான். போலியைப் பிடிக்க ஒரே வழி, பத்திரத்தைத் தந்த இடத்தில் கேட்பது. அதற்கான கருவிகளும் உங்களிடம் வந்துவிட்டன. பரீட்சைப் பெறுபேற்றுச் சான்றிதழுக்கு இணையவழியில் விண்ணப்பிக்கலாம். பொலிஸ் நற்சான்றிதழுக்கும் அப்படியே. ஆவணங்களை உறுதிப்படுத்த மின்னியல் முறையும் வந்திருக்கிறது. இவை ஒன்றோடொன்று பேசாமல் தனித்தனித் தீவுகளாக நிற்பதால்தான் நாங்கள் ஒரு கணினியில் அச்சடித்த தாளை இன்னொரு கணினிக்குக் கையில் சுமந்து போகிறோம்.

இங்கே ஊரிலும் ஒரு கேள்வி வரும். வன்னிப் பாடசாலைகளிலேயே ஆங்கில ஆசிரியர் தட்டுப்பாடு, இவர்களை ஏன் வெளியில் அனுப்ப வேண்டும் என்று. கேட்க வேண்டிய கேள்விதான், நானும் வீட்டில் அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஆனால் நான் சொன்ன பிள்ளை அரச பாடசாலையை விட்டு ஓடவில்லை. அவளுக்கு நியமனமே கிடைக்கவில்லை. அரச ஊழியருக்கு வெளிநாடு போக ஐந்து வருடம் வரை சம்பளமற்ற விடுமுறை தரலாம் என்று 2022 இல் 14 ஆம் இலக்கப் பொது நிருவாகச் சுற்றறிக்கையை விட்டது அரசுதான். போ என்று சுற்றறிக்கையும் நீங்களே விட்டு, வாசலில் மறித்துக்கொண்டும் நீங்களே நின்றால் எப்படி?

மறித்தால் போகாமல் விடுவார்களா என்றால் அதுவும் இல்லை. அந்தப் பிள்ளைக்கு வேலை கைவிட்டுப் போன செய்தி ஊரில் பரவிய கையோடு ஒரு முகவர் வீட்டுக்கு வந்துவிட்டார். தாய்லாந்தில் ஆங்கிலம் படிப்பிக்கும் வேலை, இந்தச் சத்தியக்கடதாசி, முத்திரை ஒன்றும் தேவையில்லை, விசிட் விசாவில் போய் இறங்கினால் அங்கே மாற்றிக் கொள்ளலாம் என்றார். தாய் அரைவாசி சம்மதித்துவிட்டாள். தாய்லாந்தில் வேலை என்று கூட்டிக்கொண்டு போய் எல்லை தாண்டி மியன்மாரின் மியாவடியில் இணைய மோசடி முகாம்களில் அடைத்துவைக்கப்பட்ட இலங்கையரை மீட்ட செய்திகள் கடந்த சில வருடங்களாக வந்தபடி இருக்கின்றன. அவற்றை அந்தத் தாய்க்கு எடுத்துக் காட்டித்தான் நான் தடுத்தேன். வந்தவர் அப்படிப்பட்டவர் என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. ஆனால் விசிட் விசாவில் போய்ப் படிப்பிக்கிறவருக்கு அந்த நாட்டில் வேலை அனுமதி இல்லை, சம்பளம் தராவிட்டால் முறையிட இடம் இல்லை, இங்கே பணியகத்தில் பதிவும் இல்லை. நேர்வழியில் போனால் ஒரு ‘எச்’சுக்கு மாதக்கணக்கு, குறுக்குவழியில் போனால் அடுத்த கிழமை விமானம். இந்த இரண்டுக்கும் நடுவில் இருபத்தைந்து இருபத்தாறு வயதுப் பிள்ளைகளைக் கொண்டுவந்து நிறுத்தியிருப்பது உங்கள் வழக்கம்தான் என்பதை நீங்கள் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

ஆகவே இவற்றைச் செய்து தாருங்கள் என்று கேட்கிறேன்.

கோவையைத் திருப்புவதென்றால் முழுவதையும் பார்த்துவிட்டுத் திருப்புங்கள். எல்லாக் குறைகளையும் ஒரே தாளில், எந்தப் பத்திரம், எந்த விதி, யாரிடம் போய்ச் சரிசெய்வது என்று எழுதி, பார்த்த அதிகாரியின் பெயரும் பதவியும் போட்டு, விண்ணப்பித்தவரின் மொழியில் தாருங்கள். அந்தத் தாளில் இல்லாத புதிய குறையை அடுத்த தடவை கிளப்பக்கூடாது. மற்ற எதுவும் முடியாவிட்டாலும் இதையாவது செய்யுங்கள். இதற்குப் புதிய சட்டமும் தேவையில்லை, ஒரு சதம் செலவும் இல்லை.

தகப்பன் பெயர் முதலெழுத்தாகவும் முழுப் பெயராகவும் வருவதையும், ஆங்கில எழுத்துக்கூட்டலில் வரும் சிறு மாற்றத்தையும் ‘பெயர் வேறுபாடு’ என்று எடுக்கக்கூடாது என ஒரு சுற்றறிக்கை விடுங்கள். பிறந்த திகதியும் அடையாள அட்டை இலக்கமும் பொருந்தினால் ஒரு சத்தியக்கடதாசி போதும் என்று அதில் எழுதுங்கள். பழைய இலக்கமும் புதிய இலக்கமும் ஒரே ஆளுடையவை என்று காட்ட ஆட்பதிவுத் திணைக்களத்தின் பொதுவான விளக்கம் ஒன்றை மும்மொழியிலும் கருமபீடத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். வவுனியா வளாகப் பட்டங்களை உறுதிப்படுத்துவது யார் என்பதையும் அதேபோல் ஒரு பக்கத்தில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

2008 முதல் 2012 வரை வடக்கில் இடம்பெயர்ந்து இருந்தவர்களிடம் அந்தக் காலத்துக்குக் கிராம அலுவலர் சான்று கேட்பதை நிறுத்துங்கள். அதற்குப் பதிலாக, அந்தக் காலத்தில் இவர் இடம்பெயர்ந்திருந்தார், முகவரிச் சான்று பெற வழியில்லை என்று மாவட்டச் செயலகம் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் தரட்டும். அதை நீங்களும் ஏற்று, தூதரகங்களுக்கும் அறிவியுங்கள். மீள எடுத்த பிறப்புப் பத்திரப் பிரதி மூலப்பிரதிக்குச் சமம் என்பதையும் எழுத்தில் தாருங்கள்.

ஒரு பத்திரம் முதன்முதலில் உங்கள் கையில் கிடைத்த நாளில் செல்லுபடியாக இருந்தால், பரிசீலனை முடியும்வரை அது செல்லுபடியாகும் என்று கொள்ளுங்கள். நீங்கள் எடுக்கும் காலத்துக்கு விண்ணப்பித்தவரைத் திரும்பக் கட்டணம் கட்டவைக்காதீர்கள்.

மாதத்தில் ஒரு நாளாவது கிளிநொச்சி மாவட்டச் செயலகத்திலும் ஒரு நாள் முல்லைத்தீவிலும் எல்லாத் திணைக்களங்களும் ஒன்றாக அமர்ந்து இந்தக் கோவைகளைப் பாருங்கள். நடமாடும் சேவை எங்களுக்குப் புதிதில்லை. 2010 இல் மரத்தடியில் மேசை போட்டு நடத்தியதை இப்போது கட்டிடத்துக்குள் நடத்துவது கஷ்டமாக இருக்காது.

அந்தப் பிள்ளையின் கோவையை அவளின் சம்மதத்தோடு பிரதியெடுத்து, அந்தத் துண்டையும் இணைத்து, சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். கூடவே 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு விண்ணப்பமும் இருக்கிறது: எந்த விதியின் கீழ் திருப்பினீர்கள், அந்த விதி எந்த ஆண்டு எந்தச் சுற்றறிக்கையில் உள்ளது, அதன் தமிழ்ப் பிரதி ஒன்று தர முடியுமா. 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்கிறது. பதிலை எனக்கு அனுப்பத் தேவையில்லை, அவளின் முகவரிக்கே அனுப்புங்கள். தமிழில் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
ஓர் ஆங்கில ஆசிரியர்,
கிளிநொச்சி